பீடி சுற்றுகிற முதலாளிகள்

தொழிலாளியே முதலாளியாகிவிட்டால் யார் யாரை அதட்டுவது? சோஷலிசம் பற்றிப் பேச்சு எழுந்தாலே நம்மவர்கள் முதலில் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் பதில் தேடி யுகோஸ்லாவியாவின் சரித்திரத்தைப் புரட்ட வேண்டியதில்லை. ஷோரனூரைத் தாண்டி, கண்ணூர் வரை ரயிலில் போனால் போதும்.

1966-ல் பீடித் தொழிலாளர்களுக்காக மத்திய சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. வேலை நேரம், விடுமுறை என்று சாதாரண மனித உரிமைகள்தாம். அதை அமல் செய்யக் கேரளம் முனைந்ததும், மங்களூர் முதலாளிகள் 1968-ல் கண்ணூர்ப் பக்கத்துப் பீடிக் கடைகளை இழுத்து மூடினார்கள். ஆயிரக்கணக்கானவர்களின் அடுப்பு அணைந்தது. மறு வருஷமே அவர்கள் சர்க்காரிடம் கடன் பெற்று, பங்கு சேர்த்துத் தொடங்கியதுதான் கேரள தினேஷ் பீடிக் கூட்டுறவுச் சங்கம்.

அங்கே தரம் பார்க்கிறவர் இல்லாமல் போய்விடவில்லை. பீடி தளர்ந்திருந்தால் அவர் சொல்லத்தான் செய்வார். ஆனால் அவர் அநியாயம் செய்தால் முறையிட ஒரு நிர்வாகக் குழு உண்டு. அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் தொழிலாளிகளே ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள். பழைய ஏஜெண்டிடம், நன்றாக இருக்கிற பீடியையும் கழித்துத் தள்ளினால் யாரிடம் போய் அழுவது?

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. எல்லோரும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சுற்றும்போது, ஒருவர் மட்டும் பத்திரிகையோ நாவலோ உரக்கப் படிப்பார். அவர் இழந்த கூலிக்கு ஈடாக மற்றவர்கள் ஆளுக்குச் சில பீடிகள் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். சங்கத்துக்கும் முந்திய வழக்கம் இது, சங்கத்திலும் தொடர்ந்தது. நாவல் கேட்பதற்காகத் தன் உழைப்பில் பங்கு கொடுக்கிற வாசகர்கள்! இந்த ஊரில் பிறக்காமல் போனோமே என்று எந்த எழுத்தாளனுக்கும் தோன்றும்.

1980-களில் அங்கே நாற்பதாயிரம் பேருக்குமேல் வேலை செய்தார்கள். பிறகு சங்கடம் வந்தது. புகைப்பவர்கள் குறைந்தார்கள். வெளியே, சட்டத்தை ஏய்த்துப் பாதிக் கூலி கொடுத்துப் பீடி சுற்ற வைக்கிறவனின் கட்டு அதே பெட்டிக்கடையில் தினேஷ் கட்டுக்குப் பக்கத்தில் மலிவாகத் தொங்கியது. நியாயமாக நடப்பவன் விலை அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. சங்கத்துக்குள் எத்தனை தேர்தல் நடத்தினாலும் இந்த வித்தியாசம் தீராது. கூலிச் சட்டம் எல்லாருடைய முறத்தையும் எட்ட வேண்டும்; அதுதான் சர்க்கார் செய்ய வேண்டிய வேலை. சங்கத்துக்குத் தலைவரை நியமிப்பதிலே காட்டுகிற அக்கறையை இதில் காட்டினால் தேவலை.

தனி முதலாளி என்றால் இந்நேரம் கணக்கை முடித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போயிருப்பான். இவர்கள் எங்கே போவது? கடையை மூடுகிறவனும் வேலை இழக்கிறவனும் ஒரே ஆளாயிற்றே! ஆட்கள் வெகுவாகக் குறைந்துதான் போனார்கள். ஆனாலும் சங்கம் குடை செய்யவும், தேங்காய்ப்பாலும் மசாலாப் பொடியும் தயாரித்து விற்கவும் இறங்கியது. மலையாள தேசத்தில் குடைக்கு எந்நாளும் கிராக்கி உண்டு.