பொருந்தாத மெமரி

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் மகளின் மடிக்கணினி திறபடவே பத்து நிமிடம் எடுக்கும். உள்ளே 4 ஜிபி மெமரி மாத்திரம். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, எவரிடமும் கேளாமல் 8 ஜிபி 'டிடிஆர்4' தகடொன்றை வாங்கி வந்தேன். தகட்டின் விளிம்பிலுள்ள வெட்டு இடம் மாறி நின்றது. அழுத்தப் பார்த்தேன்.

"வாப்பா, அமத்தாதீங்க, உடைஞ்சிடும்!" மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுடையதற்கு வேண்டியது 'டிடிஆர்3எல்'. 204 தொடுமுனைகள், 1.35 வோல்ட். நான் வாங்கியதில் 260 முனைகள். பழைய தகட்டின் லேபிளை வாசித்திருந்தால் போதும். ஒரு ஹரக்கத் பிழைத்தாலும் மாணவரைக் கண்டிக்கும் நான், அந்த எண்ணைப் பார்க்கவில்லை!

நீங்கள் வாங்குவதானால் மின்சாரத்தையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, பழைய தகட்டையே கடைக்குக் கொண்டு போங்கள். எனக்குக் கடைக்காரர் மாற்றித் தந்தார், ஐந்நூறு ரூபாவைக் கழித்துக்கொண்டு.