கொடையும் கணக்கும்

தனவந்தர் அரசியலுக்கு ஈவதைத் தர்மமென்பாருளர். தர்மமாயின் பெயரை மறைப்பானேன்? அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தல் கமிஷனொன்றை நிறுவிற்று. மொத்தம் 200 டாலருக்கு மேல் கொடுப்பவரின் பெயரும், தொழிலும், வேலை செய்யுமிடமும் அதன் ஏட்டிலேறும்; எவரும் பார்க்கலாம். மத்திய சர்க்காருடன் ஒப்பந்தம் செய்த கம்பெனி அந்நாட்டுப் பொதுத்தேர்தலுக்குப் பணம் தரலாகாது. அதன் அதிபரோ தம் சொந்தப் பணத்தைத் தரலாம். இராணுவச் செயற்கைக்கோள்களை ஏவும் கம்பெனியின் அதிபர் எலான் மஸ்க், 2024-ஆம் ஆண்டுத் தேர்தலில் 25 கோடி டாலருக்கு மேல் கொடுத்ததை உலகறிந்தது அவ்வேட்டினாலேயே. ஆனால், கொடுத்தவர் பெயரை வெளியிடக் கடமைப்படாத சங்கங்களும் அங்குள. அவற்றுள் புகுந்த பணத்தின் தடம் அங்கேயே அறுந்துவிடுகிறது. பெயரில்லா வரவைத் தோட்டத்துக் கிராணிமாராகிய நாம் ஏட்டில் பதிவோமா? ஆயுதத்திற்கு விலை கொடுப்போர் வரி செலுத்தும் மக்கள். ஆயுதம் விற்பவர் எக்கட்சிக்கு ஈந்தார் என்றறிவது அவர்தம் உரிமையேயன்றிச் சலுகையன்று.