பிஸ்னஸ் டிகிரி இல்லாத எச்.ஆர். அக்கா

போன மாதம் சித்தப்பாவின் மகள் வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். நாலு நிமிசம். அதில் மூன்று நிமிசம் அழுகை. உயர்தரம் கலைப்பிரிவில் எடுத்தவள். இஸட் புள்ளியைப் பார்த்தால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடம் கிடைக்கக்கூடும். ஆனால் அவளுக்கு எச்.ஆரில் வேலை செய்ய விருப்பம். பிஸ்னஸ் டிகிரி இல்லாமல் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கேலாது என்று யாரோ சொல்லிப்போட்டினம். அதனால் கொழும்பில் காசு கட்டிப் படிக்கிற ஒரு டிகிரி பற்றி வீட்டில் பேச்சு. தாலிக்கொடியைத் தவிர சித்தியின் மிச்ச நகை எல்லாவற்றையும் அடகு வைக்கலாமா என்று சித்தப்பா யோசிக்கிறார்.

கேள்வி கடைசி நிமிசத்தில்தான் வந்தது. "அக்கா, நீங்களும் ஆர்ட்ஸ்தானே. நீங்கள் எப்பிடி எச்.ஆருக்குப் போனீங்கள்? உண்மையைச் சொல்லுங்கோ, எனக்கு பிஸ்னஸ் டிகிரி வேணுமோ வேண்டாமோ?"

உடனே "வேண்டாம்" என்று எழுதினேன். பிறகு அழித்துவிட்டேன். அந்த ஒரு சொல்லை அனுப்ப எனக்கு ஒரு அக்காவின் முகம் இடம் தரவில்லை. அந்தக் கதையைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னால் அது பொய்.

நான் புவியியல் சிறப்புக்கலை. படிப்பு முடிந்து, அரச வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, வீட்டில் இருந்து அம்மாவோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் வன்னியில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் எச்.ஆர். உதவியாளர் வேலைக்கு ஆள் எடுக்கினம் என்று தெரிய வந்தது. இன்ரவியூவில் என் பட்டத்தைப் பற்றி ஒரேயொரு கேள்வி. "புவியியல் படிச்சிட்டு ஏன் இங்க?" நான் என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டது வேறு. அறுநூறு பேரோடு தமிழில் கதைக்க வேணும், கொழும்புக்கு ஆங்கிலத்தில் மெயில் போட வேணும், மேலதிகாரியோடு உடைஞ்ச சிங்களத்திலாவது சமாளிக்க வேணும். மூன்றும் என்னிடம் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. எடுத்துவிட்டார்கள்.

முதல் சில மாதங்கள் நான் நல்லாச் செய்தேன் என்றே நினைக்கிறேன். லீவு, வரவுப் பதிவு, ஒவ்வொரு மாதமும் ஊழியர் சேமலாப நிதிக்கு அனுப்புகிற சி படிவம். ஊழியரிடமிருந்து 8 வீதம், முதலாளியிடமிருந்து 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். கணக்கு பெரிசில்லை. பெயர்தான் பெரிய பிரச்சினை. அடையாள அட்டையில் ஒரு எழுத்து, பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று. 'சி' என்ற தலைப்பெழுத்து ஆங்கிலத்தில் ஒரு இடத்தில் எஸ் ஆகும், இன்னொரு இடத்தில் சீ ஆகும். இடப்பெயர்வில் சான்றிதழே தொலைந்த ஆக்கள் எத்தனையோ பேர். இதைச் சரிசெய்யாமல் விட்டால், ஐம்பது வயதில் அந்தப் பெண் தன் சேமலாப நிதியை எடுக்கப் போகும்போது கந்தோர் கந்தோராக அலைய வேணும். இது எனக்கு விளங்கியதற்குக் காரணம், என் அம்மம்மா ஒரு எழுத்துக்காக அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். எந்தப் பீடத்திலும் படித்ததில்லை.

அதனால்தான் எனக்கு ஒரு திமிர் வந்தது. எச்.ஆர். என்றால் ஆக்களோடு அன்பாக் கதைக்கிறதுதானே, இதுக்கு என்ன டிகிரி என்று.

2019இல் ஒரு நாள், தையல் பகுதியில் வேலை செய்த ஒரு அக்கா விலகல் கடிதம் கொண்டுவந்தா. தாயாருக்கு ஏலாது, பார்க்க வேறு ஆளில்லை, வீட்டிலிருந்தே தைக்கப் போறன் என்றா. நான் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, அரை மணித்தியாலம் கதைத்து, கடிதத்தை வாங்கி, படிவங்களை நிரப்பி, கைகொடுத்து அனுப்பினேன். ஃபைலில் சேர்ந்த திகதி இருந்தது. நாலு வருசமும் பத்து மாதமும்.

மூன்று மாதம் கழித்து அவ வாசலில் வந்து நின்றா. "தங்கச்சி, இன்னும் ரெண்டு மாசம் நிண்டிருந்தா எனக்குக் காசு கிடைச்சிருக்குமாம். உண்மையோ?"

எனக்குத் தெரியவில்லை. அன்று பின்னேரம்தான் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தை முதன்முதலாகத் தேடி வாசித்தேன். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு, மாதச் சம்பளக்காரர் என்றால் ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். அவவின் சம்பளம் 16,000. அரைவாசி 8,000. ஐந்து வருடத்துக்கு 40,000 ரூபாய். தையல் மெஷின் வாங்க அவ அப்போது நுண்கடன் எடுத்திருந்தா. கிழமைக் கட்டு.

அழுகை வந்தது. அதைவிட, என் மேலதிகாரியிடம் போய்க் கேட்டபோது வந்த பதில்தான் இன்னும் காதில் நிற்கிறது. அவர் முகாமைத்துவப் பட்டதாரி. அந்த விலகல் கடிதத்தில் அவருடைய கையெழுத்தும் இருந்தது. "எனக்குத் தெரியும். அவ கேக்கேல்லையே" என்றார்.

பிஸ்னஸ் டிகிரி வேணுமா என்ற கேள்வி எனக்கு அன்றைக்கு இரண்டாக உடைந்தது. தெரிந்த மனுசன் சொல்லவில்லை. சொல்லியிருக்கக்கூடிய எனக்குத் தெரியவில்லை. அந்த அக்காவுக்கு இரண்டும் ஒன்றுதான். அவவின் காசு போய்விட்டது.

பிறகு நான் படித்தேன். முதலில் சட்டங்கள், தமிழிலேயே. மகப்பேற்று லீவு மூன்றாவது பிள்ளைக்குக் குறைவாக இருந்ததையும், 2018 திருத்தத்தோடு எல்லாப் பிள்ளைக்கும் 84 நாள் ஆனதையும் படித்தேன். வேலைநீக்கம், சம்பளச் சபை, தொழில் நியாய சபை என்று ஒவ்வொன்றாக. பிறகு வார இறுதியில் மனிதவள முகாமைத்துவத்தில் ஒரு தொழில்சார் கற்கைநெறி. காசைச் சம்பளத்திலிருந்து தவணையாகக் கட்டினேன்.

அங்கேதான் பிஸ்னஸ் படித்த பிள்ளைகளிடம் என்ன இருக்கிறது என்று கண்டேன். உள்வீதியில் இருந்து வருகிற பெண்களுக்காக பஸ் உள்ளுக்கு வர வேணும் என்று நான் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இருட்டில் நடக்கினம், பயமா இருக்காம் என்று கதை சொன்னேன். கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டுவினம், ஒன்றும் நடக்காது. கற்கைநெறியில் ஆள் விலகல் வீதம் கணக்கிடப் பழகினேன். சராசரி 600 பேர், மாதம் 15 பேர் விலகினால் 2.5 வீதம், வருடத்துக்கு 30 வீதம். விலகிய ஒவ்வொருவருக்கும் பதிலாக வருகிறவர் வேகமாகத் தைக்கப் பழகும் வரை எவ்வளவு நட்டம் என்று ஒரு எக்செல் தாளில் போட்டேன். அந்தத் தூரத்துப் பெண்கள்தான் கூட விலகினம் என்பதையும் காட்டினேன். அடுத்த மாதம் பஸ் உள்ளுக்கு வந்தது. கதை அதே கதைதான், இலக்கம் மட்டும் புதிது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஒரு முறை பதவி உயர்வு எனக்கு வரவில்லை. விளம்பரத்தில் 'முகாமைத்துவப் பட்டம்' என்று இருந்தது, அவ்வளவுதான் காரணம். வேலை தெரியும் என்றாலும் அந்தக் கதவு அன்று திறக்கவில்லை. இப்படிக் கதவுகள் இருக்கின்றன.

இதையெல்லாம் யோசித்துவிட்டுத்தான் தங்கச்சிக்குப் பதில் அனுப்பினேன். என்னுடையது எட்டு நிமிசம். சுருக்கம் இதுதான்.

முகாமைத்துவ பீடம் உனக்கு இலவசமாகக் கிடைத்திருந்தால், கண்ணை மூடிக்கொண்டு போ என்று சொல்லியிருப்பன். யாழ்ப்பாணத்திலயும் படிக்கலாம், ஜயவர்த்தனபுரவில மனிதவளத்துக்கென்றே தனித்துறை இருக்கு. ஆனா உனக்குக் கிடைக்கப்போறது கலைப்பீடம். அதுக்காக நகையை அடகு வைக்காதே. கலைப்பீடத்துக்குப் போ. பொருளியலோ சமூகவியலோ எடு. கணக்குக்குப் பயந்து ஓடாதே, எக்செல் பழகு. சிங்களத்தை இண்டைக்கே தொடங்கு, நான் பிந்தித் தொடங்கின ஆள். மூன்றாம் வருசத்தில சி.ஐ.பி.எம். மாதிரி ஒரு இடத்தில தொழில்சார் கற்கைநெறி ஒன்றைப் பார். அது 1976இல சட்டத்தால அமைக்கப்பட்ட நிறுவனம், எச்.ஆர். ஆக்களுக்கு அந்தப் பேர் தெரியும். வேலைக்குப் போன பிறகும் உனக்கு முகாமைத்துவப் பட்டம் வேணுமெண்டா, திறந்த பல்கலைக்கழகம் இருக்கு, உன்ர சம்பளத்தில படி. சித்தியின்ர சங்கிலியில வேண்டாம்.

கடைசியில் அந்த அக்காவின் கதையையும் சொன்னேன். அவளுக்கு முன் அதை யாருக்கும் நான் முழுதாகச் சொன்னதில்லை.

இப்போது யாராவது விலகல் கடிதம் கொண்டுவந்தால், தேத்தண்ணி பிறகுதான். முதலில் ஃபைலை எடுத்து, சேர்ந்த திகதியைப் பார்த்து, அந்த ஆளுக்கு முன்னாலேயே கணக்குப் பார்க்கிறேன். போன வருடம் இரண்டு பேர் கடிதத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவருக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருந்தது.

தங்கச்சியின் பதில் அடுத்த நாள் வந்தது. இந்த முறை குரல் பதிவு இல்லை, ஒரு வரி மட்டும். "அக்கா, சிங்களம் எங்க படிக்கலாம்?"