ஜெல்லிக்குள் ஒரு இதயம்

பிளாஸ்டிக் பொம்மையை 3டி பிரிண்ட் பண்றது சுலபம்ங்க. ஆறினா இறுகிடும், மேல அடுத்த அடுக்கு. கொலாஜன் மாதிரி ஹைட்ரோஜெல்லை அப்படி அடுக்கினா சரிஞ்சு விழும்.

கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆடம் ஃபைன்பெர்க் குழு 2015-ல் ஒரு வழி சொன்னாங்க: ஜெலட்டின் கூழுக்குள்ளே ஊசியை விட்டு அச்சடிக்கலாம். கூழ் நாலாபக்கமும் தாங்கும். அப்புறம் 37 டிகிரி சூடு. ஜெலட்டின் உருகிடும், உருவம் நிற்கும். 2019-ல் இதய வால்வையே கொலாஜன்ல அச்சடிச்சாங்க.

முழு இதயம் வேற கதை. ரத்தக்குழாயிலிருந்து கால் மில்லிமீட்டர் தள்ளினாலே செல் ஆக்சிஜனுக்குத் தவிக்கும். வடிவத்துக்கு நம்மள மாதிரி ஆளுங்க எழுதற நிரல் போதும். முடியைவிட மெல்லிய குழாய்களுக்குப் போதாது. மாற்று இதயத்துக்குக் காத்திருக்கறவங்களுக்கு அந்த மிச்ச தூரம்தான் உயிர்.

அதனால 'இதயம் பிரிண்ட் பண்ணிட்டாங்க'ன்னு செய்தி வந்தா, ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் கேளுங்க மக்களே: ரத்தம் ஓடுதா?