மனையும் மலையும்

எண்ணெய் வண்ணம் பொறுமையைக் கேட்கும் ஊடகம். நீர்வண்ணம் நீர் வற்றியதும் உலர்ந்துவிடும். ஆளி விதை எண்ணெயில் குழைத்த வண்ணமோ, காற்றிலுள்ள பிராணவாயுவைச் சிறுகச் சிறுக உட்கொண்டே இறுகும். மேற்பரப்பு உலரவே நாட்கள் ஆகும்; உள்ளே முற்றிலும் இறுக மாதங்கள் செல்லும். நேற்று இட்ட நிறத்தை இன்று திருத்த முடிவது இத்தாமதத்தால் அன்றோ?

கடையநல்லூரில் நம் முன்னோர் வீடு ஒன்று உண்டு. ஓட்டுக்கூரை, திண்ணை, சுண்ணாம்புச் சுவர். உடன்பிறந்தோர் கூடிப் பேசி, சித்திரையில் அதனை இடித்து மாடிவீடு கட்டுவதென முடிவாயிற்று. எண்பதைக் கடந்த உம்மா மறுப்பேதும் கூறவில்லை. “இடிக்கிறதுக்கு முந்தி ஒரு படமா வரைஞ்சு வச்சிரு வாப்பா. மலையையும் விட்டுறாதே” என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

மாசியில் மூன்று வாரம் வீட்டிற்குக் கிழக்கே வாய்க்கால் கரையில் அமர்ந்தோம். ஓட்டுக்கூரைக்கு அப்பால் வயல்வெளி. அதற்கும் அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலை. காலையில் வெயில் அதன் முகத்திலே பட்டு, ஒவ்வொரு மடிப்பும் துலங்கும். அஸருக்குப் பின் கதிரவன் அதன் பின்னே சாய, மலை முழுதும் ஒரே நீலச் சுவராகிவிடும். ஆகவே காலைப் பொழுதையே தேர்ந்தோம்.

தொலைவைக் கோட்டினால் மட்டும் காட்ட இயலாது. இடையிலுள்ள காற்று நீல ஒளியைச் சிதறச் செய்வதால் தூரத்து மலை நீலமாய் வெளிறித் தோன்றும். எனவே மலைக்கு நீலமும் வெள்ளையும், துளி சிவப்பும், வயலுக்கு மஞ்சள் கலந்த பச்சை, ஓட்டிற்குச் செங்காவி. முதற்பூச்சை டர்ப்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, மேற்பூச்சுகளில் எண்ணெயைக் கூட்டினோம். முறை மாறினால் அடிப்பூச்சுக்கு முன்பே மேற்பூச்சு இறுகி வெடித்துவிடும்.

தென் பிரான்சின் எக்ஸ் நகரருகே 1011 மீட்டர் உயர்ந்த சேன்ட் விக்தவார் மலையை ஓவியர் செசான் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பத் தீட்டினார். 1906 அக்டோபரில் வெளியே தீட்டிக்கொண்டிருக்கையில் மழையில் சிக்கி, நோயுற்று, சில நாட்களில் மறைந்தார். ஒரு மலைக்கு இத்தனை படங்களா என முன்பு வியந்ததுண்டு. மூன்று வாரம் ஒரே மலையின் முன் அமர்ந்த பின் அவ்வியப்பு அகன்றது. ஒருநாள் கண்டது மறுநாள் அங்கில்லை.

படம் முடிந்ததும் உம்மா அருகில் வந்து நெடுநேரம் நோக்கினார். விரலை நீட்டினார், வண்ணம் ஈரமாயிருந்ததால் மெல்லத் தடுத்தோம். விரல் சென்றது வீட்டின்மீது அன்று. மலையடியில் நாம் ஒரே தீற்றாக இட்டிருந்த மஞ்சள் பட்டையின்மீது. “இது நம்ம வயல்தானே?” என்றார். அவ்வயலை வாப்பா விற்று நாற்பதாண்டு ஆகிறது. அங்குதான் உம்மா புதுமணப் பெண்ணாய்க் கதிர் அறுப்பைக் கண்டாராம். அன்றுவரை நாம் அறியாத செய்தி அது.

அன்பர்களே! பழைய வீட்டைப் படமெடுத்து வைக்க விரும்புவோர் வாசலோடு நின்றுவிடுகின்றனர். சற்றுப் பின்னே நகர்ந்து நில்லுங்கள். வயலும் மலையும் உள்ளே வரட்டும். பெரியவர்கள் சுட்டிக்காட்ட வேண்டியது அங்கேயும் இருக்கக்கூடும்.