கையில் மிச்சம் நான்கு

ரயிலில் உட்கார்ந்திருப்பவருக்கு இருக்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். அடுத்து எந்த ஸ்டேஷன்? வண்டி என்ன வேகத்தில் போகிறது, எஞ்சின் எவ்வளவு இழுக்கும் என்பதெல்லாம் வேறு யாருடைய கவலையோ. இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்கென்றே 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் நிறையப் பேர் கருவி செய்து காப்புரிமை வாங்கினார்கள். 'ஸ்டேஷன் இண்டிகேட்டர்' என்று பெயர்.

அந்தக் கருவிகளின் அடிப்படை எளிமையானது. பெட்டியின் ஒரு முனையில், எல்லோர் கண்ணிலும் படுகிற உயரத்தில் ஒரு மரப்பெட்டி. முன்பக்கம் கண்ணாடி. உள்ளே இரண்டு உருளைகள், அவற்றில் சுற்றிய நீளமான துணி. துணியில் அந்தத் தடத்தின் ஸ்டேஷன் பெயர்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். வண்டி ஒரு ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியதும் கண்டக்டர் கயிற்றை இழுப்பார். ராட்செட் ஒரு பல் நகரும், துணி ஒரு பெயர் அளவுக்கு உருளும், கூடவே மணி 'டிங்' என்று அடிக்கும். மணி எதற்கென்றால், பேப்பர் படித்துக்கொண்டிருப்பவர் தலையைத் தூக்கிப் பார்க்க. கடைசி ஸ்டேஷன் வந்ததும் துணியைத் திருப்பி ஓட்டுவார்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும், ஜன்னல் வழியாகப் பார்த்தால் போதாதா என்று தோன்றலாம். லண்டனில் 1863 ஜனவரி 10 அன்று மெட்ரோபாலிடன் ரயில்வே திறந்தபோது, பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை வண்டி தரைக்கு அடியில் ஓடியது. இழுத்தது நீராவி எஞ்சின். சுரங்கம் முழுக்கப் புகை. வெளிச்சம் குறைவு. பிறகு ஸ்டேஷன் சுவர்களை விளம்பரங்கள் பிடித்துக்கொண்டன. கடுகுத்தூள் விளம்பரத்தையும் சோப்பு விளம்பரத்தையும் பார்த்து அதுதான் ஊர்ப் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள் என்பது அந்தக் காலத்து ஜோக். 1908இல் சிவப்பு வட்டத்தின் குறுக்கே நீலப் பட்டை வைத்து, அதில் ஸ்டேஷன் பெயரை எழுதத் தொடங்கினார்கள். இன்றைக்கு டி-ஷர்ட்டில் போட்டு விற்கிறார்களே, அந்தச் சின்னம்தான். விளம்பரங்களுக்கு நடுவே 'நான்தான் ஸ்டேஷன்' என்று தனியாகத் தெரிய வேண்டும் என்கிற தேவையில் பிறந்தது அது.

ஆக, ஜன்னல் எல்லா நேரமும் பதில் சொல்லாது. இருட்டு, மழை, கூட்டம், புகை. உள்ளேயே ஒரு பதில் வேண்டியிருக்கிறது.

*

மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால் இந்தத் துணிச்சுருளைப் பற்றிப் படித்ததும் என் கண்ணுக்கு முதலில் பட்டது வேறொன்று. இந்தக் கருவிக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. தான் எத்தனை தடவை நகர்ந்தோம் என்பது மட்டும்தான் தெரியும். ஏழு தடவை நகர்ந்திருந்தால் எட்டாவது பெயரைக் காட்டும். அந்த ஏழில் ஒன்று தப்பாகிவிட்டால் அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு பெயரும் தப்பு. அதையும் அதே அழகான எழுத்தில், அதே மணிச் சத்தத்தோடு காட்டும்.

கயிறு கண்டக்டர் கையில் இருந்தவரை இது பெரிய ஆபத்தில்லை. அவர் வெளியே பார்ப்பார், பெட்டியைப் பார்ப்பார், இரண்டும் பொருந்தவில்லை என்றால் இன்னொரு இழுப்பு. பிறகு 'மனுஷன் எதற்கு, தானாகவே நகரட்டும்' என்று கிளம்பினார்கள். தண்டவாளத்தின் ஓரம் ஸ்டேஷனுக்கு ஒரு முட்டுக்கட்டை வைத்து, வண்டிக்கு அடியிலிருக்கும் நெம்புகோலை அது தட்டிவிடும்படி செய்வது ஒரு வழி. ஒரு முட்டுக்கட்டை உடைந்துபோனால் மிச்ச வழி முழுக்க ஒரு ஸ்டேஷன் பின்தங்கிய பெயர்தான். இன்னொரு வழி, சக்கரம் சுற்றுவதை எண்ணி, இத்தனை சுற்றுக்கு ஒரு பெயர் என்று நகர்த்துவது.

சக்கரத்தை எண்ணுகிற யோசனை ரயிலைவிட மிகப் பழையது. இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் ரோமானியப் பொறியாளர் விட்ருவியஸ் ஒரு வண்டியை விவரித்து எழுதியிருக்கிறார். சக்கரத்தின் சுற்றளவு 12.5 அடி. அது 400 சுற்று சுற்றினால் 5000 அடி, அதாவது ஒரு ரோமானிய மைல். 400 பற்கள் கொண்ட சக்கரம் ஒரு முழுச் சுற்று முடிக்கும்போது, மேலே இருக்கும் ஒரு கூழாங்கல் வெண்கலப் பாத்திரத்தில் 'டங்' என்று விழும். நாள் முடிவில் கற்களை எண்ணினால் எத்தனை மைல் வந்தோம் என்று தெரிந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால் சக்கரம் தேயும். நம்மூர் ஐசிஎஃப் பயணிகள் பெட்டியின் சக்கரம் புதிதாக இருக்கும்போது 915 மில்லிமீட்டர் விட்டம். தேய்ந்து தேய்ந்து 825க்கு வரும்போது கழித்துவிடுவார்கள். கிட்டத்தட்ட பத்து சதவீத வித்தியாசம். புதுச் சக்கரத்துக்கு அளவு வைத்த ஒரு எண்ணும் கருவியை, தேய்ந்த சக்கரத்தில் மாட்டி, சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 29 கிலோமீட்டர், 18 ஸ்டேஷன். சின்னச் சக்கரம் அதிகச் சுற்று சுற்றும், அதனால் கருவி 32 கிலோமீட்டர் என்று எண்ணும். தாம்பரம் நெருங்கும்போது அது கிட்டத்தட்ட இரண்டு ஸ்டேஷன் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். இத்தனைக்கும் கருவியில் எந்தப் பல்லும் உடையவில்லை. எண்ணுவதில் ஒரு தப்பும் செய்யவில்லை.

*

என் ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. அப்பாவின் அம்மா. 90களில் பல்லாவரத்திலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு ஒரு வீட்டில் சமையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அப்போது மீட்டர் கேஜ் வண்டி. ஸ்டேஷன் பலகைகள் அன்றும் மஞ்சள்தான், மூன்று மொழியில் எழுதியிருக்கும். ஆயாவுக்கு மூன்றும் ஒன்றுதான்.

காலையில் கிளம்பும்போது டப்பாவிலிருந்து ஒன்பது புளியங்கொட்டைகளை எடுத்து இடது கையில் வைத்துக்கொள்வாள். திரிசூலம் வந்ததும் ஒன்று சுருக்குப்பைக்குள் போகும். மீனம்பாக்கத்துக்கு ஒன்று. பழவந்தாங்கல், பரங்கிமலை, கிண்டி, சைதாப்பேட்டை, மாம்பலம், கோடம்பாக்கம். கடைசிக் கொட்டை விழுந்து கை காலியானால் நுங்கம்பாக்கம், இறங்க வேண்டும். திரும்பி வரும்போது அதே ஒன்பது. எல்லா ஸ்டேஷனிலும் நிற்காத பாஸ்ட் வண்டியில் ஏறவே மாட்டாள், எவ்வளவு நேரமானாலும் சரி.

விட்ருவியஸின் கூழாங்கல்லைப் பற்றிப் படித்த அன்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவரது வண்டியில் இல்லாத ஒன்று ஆயாவிடம் இருந்தது.

எனக்கு எட்டு வயது இருக்கும். லீவு நாளில் ஒரு தடவை கூட அழைத்துப்போனாள். கொட்டைகளை என் கையில் கொடுத்துவிட்டாள். நான் பலகையைப் பார்த்து 'மீனம்பாக்கம்', 'பழவந்தாங்கல்' என்று சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தேன். "படிச்சு சொல்லாத கண்ணு. எண்ணு" என்றாள். கிண்டி தாண்டி வண்டி அடையாறு பாலத்தில் ஏறியதும் சத்தம் மாறியது. தடதடவென்று கீழே வெற்றிடத்தின் சத்தம். "இப்ப கையில எத்தனை இருக்கு?" நான்கு இருந்தது. "ஆங். பாலம் வந்துச்சின்னா கையில நாலு இருக்கணும். மூணு இருந்தா நடுவுல எங்கயோ சிக்னல்ல நின்னதுக்கும் போட்டுட்டேன்னு அர்த்தம். பையிலருந்து ஒண்ணு எடுத்துக்குவேன்."

"அஞ்சு இருந்தா?"

"தூங்கிட்டேன்னு அர்த்தம்."

திரும்பும்போது சைதாப்பேட்டை தாண்டிப் பாலம் வரும். அப்போது கையில் ஆறு இருக்க வேண்டும். மழைக்கு ஷட்டரை இறக்கியிருந்தாலும், கூட்டத்தில் ஜன்னலே தெரியாவிட்டாலும், பாலத்தின் சத்தத்தை யாராலும் மறைக்க முடியாது. அதுதான் அவளுடைய கணக்கைத் திருத்துகிற இடம்.

யாரையாவது கேட்டிருக்கலாமே என்று பெரியவனான பிறகு கேட்டேன். "கேட்டா சொல்லுவாங்க. ஒருத்தன் மட்டும் 'அதான் போர்டுல எழுதியிருக்கே'ன்னான். அன்னையிலருந்து யாரையும் கேக்கல" என்றாள். கோபம் எதுவும் இல்லை குரலில். ஒரு ஸ்டேஷன் தள்ளி இறங்கினால் வேலைக்கு நேரமாகும், நேரமானால் சம்பளத்தில் பிடிப்பார்கள். அதைவிட, தினமும் இரண்டு வேளை தனக்குப் படிக்கத் தெரியாது என்று முன்பின் தெரியாதவர்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஒன்பது புளியங்கொட்டைகள் அதிலிருந்து அவளைக் காப்பாற்றின.

*

பொறியியலில் இதற்குப் பெரிய பெயர்கள் உண்டு. ஐரோப்பிய ரயில்களின் கட்டுப்பாட்டு அமைப்பில், வண்டி சக்கரச் சுற்றை எண்ணித் தன் இடத்தைக் கணக்கிட்டுக்கொண்டே போகும். ஆங்காங்கே தண்டவாளத்தின் நடுவில் 'பலீஸ்' என்று ஒரு சாதனம் பதித்திருப்பார்கள். அதன் மேல் வண்டி போகும்போது 'நீ இந்த இடத்தில் இருக்கிறாய்' என்று அது சொல்லும். அதுவரை சேர்ந்த பிழை அங்கே அழிந்துவிடும். நம் கவச் அமைப்பிலும் இதே வேலைக்கு ஆர்எஃப்ஐடி டேக்குகளைத் தண்டவாளத்தில் வைக்கிறார்கள். அடையாறு பாலம்தான் ஆயாவின் பலீஸ்.

ஸ்டேஷன்களில் படபடவென்று எழுத்து மாறுகிற பழைய பலகைகளிலும் இதே கதைதான். இத்தாலியின் உடினே நகரத்து சோலாரி நிறுவனம் செய்தவை பிரபலம். 1956இல் பெல்ஜியத்தின் லீஜ் ஸ்டேஷனில் அவர்களுடைய பலகை வந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சக்கரம், அதைச் சுற்றித் தகடுகள். ஒரே திசையில்தான் சுற்றும். ஒரு எழுத்து பின்னால் போக வேண்டுமென்றால் முழுச் சுற்றும் சுற்றித்தான் வர வேண்டும். இப்படிப்பட்ட சக்கரங்களில் 'வீடு' என்று ஒரு புள்ளி வைப்பார்கள். சக்கரம் அந்தப் புள்ளியைக் கடக்கும்போதெல்லாம் கணக்கு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். ஒரு தகடு தவறினாலும் அந்தத் தவறின் ஆயுள் ஒரு சுற்றுதான்.

எண்ணுகிற எதற்கும் எண்ணிக்கைக்கு வெளியே ஒரு சாட்சி வேண்டும். ஆயா இதைத் தானாகக் கண்டுபிடித்திருந்தாள், ஏனென்றால் அவளுக்கு வேறு வழியில்லை. எழுத்து தெரிந்தவர்களுக்காகச் செய்த எந்தப் பலகையும் அவளுக்கு உதவவில்லை.

அவளைப் போன்றவர்களை நினைத்துச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 1969இல் மெக்ஸிகோ சிட்டியில் மெட்ரோ தொடங்கியபோது, படிக்கத் தெரியாத பயணிகளும் அதில் போவார்கள் என்று யோசித்து ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு படம் கொடுத்தார்கள். வரைந்தவர் லான்ஸ் வைமன். சாபுல்தெபெக் ஸ்டேஷனுக்கு வெட்டுக்கிளி. 'வெட்டுக்கிளி வந்தால் இறங்கு' என்று சொல்லி அனுப்பினால் போதும். பல்லாவரத்துக்கு என்ன படம் போட்டிருப்பார்கள் என்று சில நாள் யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

*

வேலைக்காக வேறொரு நகரத்தில் இருந்தபோது தினமும் போகிற ரயிலில் எல்லாப் பெட்டியிலும் திரை இருந்தது. அடுத்த ஸ்டேஷனின் பெயர் ஓடும், ஒரு குரலும் சொல்லும். ஒருநாள் திரை ஒரு ஸ்டேஷன் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. குரலும் அதோடு சேர்ந்தே முன்னால் ஓடியது, இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதானே. பெட்டியில் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தினமும் போகிறவர்கள், உடம்புக்கே வழி தெரியும். ஆஸ்பத்திரி ஃபைலோடு இருந்த ஒரு பெரியவர் மட்டும் திரையை நம்பி எழுந்து இறங்கினார். பிளாட்பாரத்துப் பலகையைப் பார்த்துவிட்டு, கதவு மூடுவதற்குள் மறுபடி ஏறிவிட்டார். மீதி வழி முழுக்க ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டுக்கொண்டே வந்தார். திரை பிரகாசமாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவர் அதை ஒருமுறைகூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

தப்பான திரையால் யாருக்கு நஷ்டம் என்று பாருங்கள். வழி தெரிந்தவருக்கு ஒன்றுமில்லை. அந்தத் திரை யாருக்காக வைக்கப்பட்டதோ, அந்த ஊருக்குப் புதியவர், முதியவர், தனியாக வந்தவர், அவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

ஆயாவின் கடைசி வருடங்களில், ஸ்டேஷன் பெயர் அறிவிக்கிற புது வண்டியில் ஒருமுறை அவளை அழைத்துப்போனேன். கவனமாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். "நல்லாத்தான் சொல்லுது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அது சொல்றது சரியான்னு யாரு பாக்குறது?" என்றாள்.

இப்போது நாங்கள் எழுதுகிற நிரல்களைப் பரிசீலிக்கும்போது நான் அடிக்கடி கேட்கிற கேள்வியாக அது ஆகிவிட்டது. ஆபீஸில் அதைப் 'பாலம் எங்கே?' என்று சுருக்கிவிட்டார்கள். புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் முதலில் முழிப்பார்கள், பிறகு பழகிவிடும். போன் வரைபடத்தில் நாம் இருக்கும் இடம் ஒரு நீலப்புள்ளி. அதைச் சுற்றி வெளிறிய நீலத்தில் ஒரு வட்டம் வரும், சில நேரம் சின்னதாக, சில நேரம் இரண்டு தெருவையே விழுங்குகிற அளவுக்குப் பெரிதாக. இதற்குள் எங்கேயோ இருக்கிறாய், இதற்குமேல் எனக்குத் தெரியாது என்று அந்த வட்டம் சொல்கிறது. அடுத்த ஸ்டேஷனைக் காட்டுகிற திரைகளில் அப்படியொரு வட்டத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.