அடிஷனல் ஷீட்

எங்களைப் பயமுறுத்திய எல்லாவற்றையும் அரசாங்கம் ஒவ்வொன்றாக ரத்து செய்துவிட்டது. நுழைவுத்தேர்வை ஒழிக்க 2006இல் சட்டமே கொண்டுவந்தார்கள். மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று ரேங்க் அறிவிப்பதை 2017இல் நிறுத்தினார்கள். 1200 என்ற அந்த மகா எண்ணையும் அதற்குப் பிறகு 600 ஆக்கிவிட்டார்கள். 1996இல் பிளஸ் டூ முடித்த எங்கள் செட்டுக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. நாங்கள் பட்ட பாட்டுக்கு இப்போது சாட்சியே இல்லை. "பிளஸ் டூவில் நான் தொள்ளாயிரத்துச் சொச்சம்" என்று என் மகளிடம் பெருமை பேசினால், "அறுநூறுக்கு எப்படிப்பா தொள்ளாயிரம்?" என்று கேட்கிறாள்.

வருகிற மே மாதம் செட்டின் முப்பதாம் ஆண்டுச் சந்திப்பு. மலர் ஒன்று போட வேண்டுமாம். "தமிழ்ப் பரீட்சையில நீதானே கதை விடுவே" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆளுக்கொரு சம்பவம் போனில் சொன்னார்கள். சொன்னவன் எவனும் தன் கதையைச் சொல்லவில்லை, அடுத்தவன் கதையைத்தான் சொன்னான். அதனால் எல்லாமே உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஊர் குடமுருட்டிக் கரையில். பள்ளியின் பெயர் வேண்டாம். தலைமையாசிரியர் மாறினாலும் அவர் அறைப் பிரம்பு மாறாத எந்தப் பள்ளியையும் நினைத்துக்கொள்ளலாம்.

பிளஸ் டூ என்பதே 1978இல் வந்த ஏற்பாடு. அதற்கு முன்பு பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும், அப்புறம் கல்லூரியில் ஒரு வருடம் பி.யூ.சி. என் மாமா அந்த வயதில் பெல்பாட்டம் போட்டுக்கொண்டு திருச்சியில் கல்லூரிக்குப் போனார். நாங்கள் அதே வயதில், மீசையும் அதுவுமாக, வெள்ளைச் சட்டை காக்கி பேண்ட்டில் பிரேயருக்கு வரிசையில் நின்றோம். பஸ்ஸில் கண்டக்டர்கள் எங்களை "சார்" என்று ஆரம்பித்து, கீழே காக்கியைப் பார்த்ததும் "உள்ளே போடா" என்று முடிப்பார்கள்.

பதினொன்று அப்போது ஓய்வு வருடம். பத்தில் ஒரு பொதுத்தேர்வு, பன்னிரண்டில் ஒன்று, நடுவில் கேட்பாரில்லை. 2018இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு நடத்தியபோது எங்கள் செட்டு மொத்தமும் துக்கம் அனுஷ்டித்தது. அந்த வருடத்தில் நாங்கள் கற்றது குடமுருட்டியில் எதிர்நீச்சலும், கேரியரில் ஒருவன் பாரில் ஒருவன் என்று மூன்று பேர் சைக்கிளில் போவதும்தான். 1995 பொங்கலுக்குப் பாட்ஷா வந்தது. விடுமுறை முடிந்து வந்த முதல் நாள், வருகைப் பதிவின்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, நூறு தடவை சொன்னதற்குச் சமமாக ஒரே ஒரு தடவை "உள்ளேன் ஐயா" என்றான். தமிழய்யா படம் பார்ப்பவர் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவனை வாசலில் நிறுத்தி நிஜமாகவே நூறு தடவை சொல்ல வைத்தார். எண்ணுவதற்கு லீடரை உட்காரவைத்தார்.

பன்னிரண்டில் நிலைமை மாறியது. கோனார் தமிழ் உரை வாங்கினோம், பென்சிலால் "முக்கியம்" என்று போட்டுக்கொண்டோம், கொஞ்ச நாளில் முக்கியமில்லாத பக்கமே இல்லாமல் போயிற்று. அந்த செப்டம்பரில்தான் பிள்ளையார் பால் குடித்தார். 1995 செப்டம்பர் 21, வியாழக்கிழமை. காலையில் டெல்லியில் ஆரம்பித்த செய்தி, மத்தியானத்துக்குள் எங்கள் ஊர்ச் சன்னதித் தெருவுக்கு வந்துவிட்டது. சாப்பாட்டு மணிக்கு வெளியே போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. மீதி இருந்தவர்களுக்கு பிசிக்ஸ் சார் பலகையில் ஒரு கரண்டி, ஒரு தும்பிக்கை படம் போட்டார். பரப்பு இழுவிசையால் பால் கரண்டி விளிம்பிலிருந்து கல்லுக்கு ஏறுகிறது, பிறகு கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகச் சிலைமேல் வழிந்து போகிறது என்று அரை மணி நேரம் விளக்கினார். பதினொன்றில் யாரும் கவனிக்காத பாடம் அது. அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்தது. சாயங்காலம் நாங்களும் கோவிலுக்குப் போனோம். வரிசையில் எங்களுக்கு முன்னால், வேட்டியும் கையில் சின்னச் சொம்புமாக, பிசிக்ஸ் சார் நின்றுகொண்டிருந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "பரிசோதனை பண்ணிப் பார்க்காம முடிவு சொல்லக் கூடாதுடா."

கெமிஸ்ட்ரி லேப் பற்றி மட்டும் தனி மலரே போடலாம். கிப் உபகரணத்தில் ஹைட்ரஜன் சல்பைடு தயாரானால் அழுகிய முட்டை நாற்றம் மாடி வரைக்கும் போகும். பக்கத்து அறையில் வணிகவியல் படித்த மூன்றாம் குரூப்காரர்கள் ஜன்னலைச் சாத்திவிட்டு எங்களைத் திட்டுவார்கள். அவர்களுக்கு லேப் கிடையாது, ரெக்கார்டு நோட்டு கிடையாது. நாங்கள் மாலையில் கையில் ஆசிட் பட்டுக்கொண்டு நிற்கும்போது அவர்கள் மைதானத்தில் பந்து உதைத்துக்கொண்டிருப்பார்கள். இன்றைக்கு எங்கள் செட்டிலேயே வசதியாக இருப்பவர்கள் அவர்கள்தான் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

டைட்ரேஷனுக்குப் பிப்பெட்டில் இருபது மில்லி கரைசலை வாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். கோட்டுக்கு மேலே வந்ததும் வாயை எடுத்துவிட்டு ஆள்காட்டி விரலால் அடைக்க வேண்டும். ஒருவன் கோட்டைப் பார்க்காமல் பக்கத்து மேசையில் நடந்த சண்டையைப் பார்த்துவிட்டான். கரைசல் நேரே தொண்டைக்குப் போனது. நல்ல வேளை, அன்றைக்கு வைத்திருந்தது வெறும் சோடியம் கார்பனேட். லேப் அண்ணன் ஓடிவந்து சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கவைத்தார். சார் பதறிப்போய்க் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை எம்.எல்.டா போச்சு?" அன்றிலிருந்து அவன் பெயர் பிப்பெட். இப்போது கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். போர்டில் குலதெய்வத்தின் பெயர் இருக்கிறது, ஊருக்கு அது பிப்பெட் கடை.

இரண்டு தடவை செய்து ஒரே ரீடிங் வந்தால் அது கன்கார்டன்ட் வேல்யூ. எங்கள் வகுப்பில் மொத்தப் பேருக்கும் ஒரே கன்கார்டன்ட் வேல்யூதான், முதல் மேசைக்காரன் கண்டுபிடித்தது. மீதிப் பேர் பியூரெட்டைத் திறந்து மூடி, பெர்மாங்கனேட்டைச் சட்டையில் கொட்டிக்கொண்டு, அவன் நோட்டில் இருந்த எண்ணை எழுதுவோம். சாருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஒருநாள் பாதி மேசைகளில் மட்டும் கரைசலின் செறிவை ஓசைப்படாமல் மாற்றி வைத்துவிட்டார். அன்றும் எல்லா நோட்டிலும் அதே எண். நோட்டுகளை அடுக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "நோபல் பரிசு வாங்கினவன்களே ஒருத்தனுக்கொருத்தன் ஒத்துக்கிட்டதில்லை. உங்ககிட்ட என்னடா ஒற்றுமை!"

செய்முறைத் தேர்வு பாடத்துக்கு ஐம்பது மார்க். வேறு பள்ளியிலிருந்து எக்ஸ்டர்னல் வருவார், அவருக்கு பிரியாணி வரும், எங்களுக்கு உப்பு வரும். நீல உப்பு கிடைத்தவன் பாக்கியசாலி, காப்பர் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். வெள்ளை உப்பு கிடைத்தவனுக்கு லேப் அண்ணன்தான் தெய்வம். அந்தத் தெய்வம் வாய் திறக்காது. வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பியை எடுத்தால் கால்சியம், மூக்கைத் தேய்த்தால் அமோனியம். இந்தச் சாஸ்திரம் தலைமுறை தலைமுறையாக சீனியர்களிடமிருந்து வந்தது. எங்கள் தேர்வன்று அவருக்கு நிஜமாகவே ஜலதோஷம். காலையிலிருந்து மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அந்த பேட்ச்சில் கால்வாசிப் பேர் அமோனியம் எழுதிவிட்டு வந்தார்கள். எக்ஸ்டர்னல், "இந்த ஊர்ல அமோனியம் ரொம்ப மலிவோ?" என்று கேட்டாராம்.

மார்ச் மாதம் பொதுத்தேர்வு. அதே மார்ச்சில் உலகக் கோப்பை கிரிக்கெட். இரண்டையும் ஒரே மாதத்தில் வைத்தவர்களுக்கு வயசுப் பிள்ளைகள் இருந்திருக்க முடியாது. எங்கள் வீடுகளில் டி.வி.மேல் புடவையைப் போர்த்தி, அதன்மேல் ராமர் பட்டாபிஷேகப் படத்தை வைத்துவிட்டார்கள். அதை எடுத்துவிட்டு டி.வி. போட எவனுக்கும் துணிச்சல் இல்லை. ஆனால் 9ஆம் தேதி பெங்களூரில் பாகிஸ்தானோடு காலிறுதி. அன்றைக்கு ஊரிலுள்ள எல்லா சைக்கிள் கடைகளிலும் பிளஸ் டூ பையன்களுக்குப் பஞ்சர். கடையில் ரேடியோ இருக்குமே! அஜய் ஜடேஜா 25 பந்தில் 45 அடித்ததை நாங்கள் காதால்தான் பார்த்தோம். 13ஆம் தேதி கல்கத்தாவில் அரையிறுதி. ஒரு விக்கெட்டுக்கு 98 என்று இருந்த இந்தியா, எட்டு விக்கெட்டுக்கு 120 ஆனது. கூட்டம் பாட்டில் எறிந்து, ஆட்டம் நின்று, இலங்கை ஜெயித்ததாக அறிவித்தார்கள். வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே வெளியே வந்தார். அந்தப் பரீட்சைக் காலத்திலேயே எங்களில் ஒருவன் கணக்குப் பரீட்சை முடிந்து அப்படியே அழுதுகொண்டு வந்தான். அவன் பெயரும் அத்தோடு முடிவாகிவிட்டது. காம்ப்ளியின் கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த பெயரைப் படித்துவிட்டு, "யாருடா இவன்?" என்று நாங்களே கேட்டோம்.

பரீட்சை ஹாலில் எங்களை நடுங்க வைத்தது பறக்கும் படை அல்ல. மணி அடித்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, மூலையிலிருந்து ஒரு குரல் வரும்: "அடிஷனல் ஷீட் சார்!" ஹால் முழுக்க பேனாக்கள் ஒரு நிமிடம் நிற்கும். நாம் இன்னும் நான்காம் பக்கத்தில் இருக்கிறோமே, அவனுக்கு எப்படி மெயின் ஷீட்டே தீர்ந்தது? கொஞ்ச நேரத்தில் மறுபடி அதே குரல். கடைசியில் "நூல் சார்!" அந்த வெள்ளை நூலை ஓட்டையில் விட்டு இழுத்து, வண்டிமாட்டுக்கு மூக்கணாங்கயிறு கட்டுவதுபோல அவன் முடிச்சுப் போடும் தோரணையைப் பார்த்தே எனக்குப் பத்து மார்க் போயிருக்கும். மார்க் வந்தபோது பார்த்தால் அவன் எங்களுக்கெல்லாம் கீழே. பக்கத்துக்கு ஏழெட்டு வரிதான் எழுதுவானாம், ஒவ்வொரு வரிக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. இத்தனை வருடம் கழித்து, போனவாரம் போனில் கேட்டேன். "திருத்துறவருக்குக் கண்ணு வலிக்கக் கூடாதுல்ல" என்றான்.

கடைசிப் பரீட்சையன்று பேனாவைத் திறந்து ஒருவர் சட்டையில் ஒருவர் இங்க் அடித்துக்கொண்டோம். வீட்டில் அடி விழுந்தது. ஆட்டோகிராஃப் நோட்டுகள் சுற்றின, ரோஸ் பக்கம், மஞ்சள் பக்கம், பச்சைப் பக்கம். என்னுடையது இன்னும் இருக்கிறது. லட்சியம் என்ற இடத்தில் நிறையப் பேர் ஐ.ஏ.எஸ். என்று எழுதியிருக்கிறார்கள், அதிலும் ஒருவன் எழுத்துப்பிழையோடு. அந்த நோட்டில் கையெழுத்திட்ட யாரும் கலெக்டர் ஆகவில்லை. ஒருவன் கலெக்டருக்கு கார் ஓட்டுகிறான். எங்கள் செட்டில் அந்த அலுவலகத்துக்கு மிக அருகில் போனவன் அவன்தான். தொலைபேசி எண் என்ற இடத்தில் எல்லோரும் ஏதோ ஓர் எண்ணை எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பி.பி. என்று போட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டு போன். பாதிப் பேருக்கு அது ஒரே எண், மளிகைக்கடைச் செட்டியாருடையது.

ரிசல்ட் அப்போது மாலைப் பத்திரிகையில் வரும். பெயர் இருக்காது, மார்க் இருக்காது, பொடி எழுத்தில் பதிவு எண்கள் மட்டும். கட்டு பஸ்ஸில் வந்து இறங்குவதற்குள் பஸ் ஸ்டாண்டே எங்கள் கையில். ஒருவன் எண் இல்லை. மேலும் கீழும் தேடினோம், அடுத்த பள்ளியின் பட்டியலிலும் தேடினோம். "பேப்பர்ல விட்டுப்போச்சு" என்று அவன் உறுதியாகச் சொன்னான். வீட்டிலும் அதையே சொல்லி, மார்க் பட்டியல் வரும் வரை நிம்மதியாக மூன்று வேளையும் சாப்பிட்டான். பிறகு டுடோரியலில் சேர்ந்து அக்டோபரில் எழுதினான். அடுத்த நாள் காலைப் பத்திரிகைகளில் மாநில முதலிடம் வந்த பிள்ளைக்கு அம்மா லட்டு ஊட்டும் படம். அந்தப் படத்தால் அன்று தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் எத்தனை பிள்ளைகள் திட்டு வாங்கினார்களோ! 2017இல் ரேங்க்கை நிறுத்தியபோது நான் மனதாரக் கைதட்டினேன். ஒழித்த நுழைவுத்தேர்வு, மருத்துவத்துக்கு நீட் என்று வேறு பெயரில் திரும்பி வந்தபோது கை தானாக நின்றுவிட்டது.

செட்டுக்காரர்களுக்குக் கடைசியாகச் சில விஷயங்கள். சாப்பாட்டுச் செலவு பங்கு போட்டுக்கொள்வோம், மூன்றாம் குரூப் இரட்டிப்பாகத் தரவும். லேப் அண்ணனைக் கூட்டிவர பிப்பெட் கார் அனுப்புகிறான். எண்பதைத் தாண்டிவிட்ட பிசிக்ஸ் சாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பெண்டாட்டி பிள்ளைகளோடு வருகிறவர்கள் அவர் பக்கத்தில் உட்காரவேண்டாம். ஒவ்வொருவனும் அரையாண்டில் எத்தனை வாங்கினான் என்பது அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.